ஸ்பிராக்கெட்டா, ரீமேப்பா, பெரிய போரா, டர்போவா, இல்லை வேறு வண்டியா?

கையில் ஒரு 200 சிசி வண்டி. வாங்கி மூன்று நான்கு வருஷம் ஆகிறது, தவணையும் முடிந்துவிட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரை ஒதுக்க முடியும், வண்டி இன்னும் வேகமாகப் போக வேண்டும். இந்தக் கேள்வியோடு கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முதலியார்பேட்டையிலோ நாலு மெக்கானிக் கடை ஏறி இறங்கினால் நாலு பதில் கிடைக்கும். "சைலன்சர் மாத்துங்க, பிச்சிக்கும்" என்பார் ஒருவர். "போர் பெருசு பண்ணிடலாம் தம்பி" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வண்டியை வித்துடச் சொல்வார். எல்லோரும் தங்கள் கை பழகிய வேலையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு எது பொருந்தும் என்பது வேறு கணக்கு.

கணக்குப் போட ஓர் உதாரண வண்டி தேவை. எல்லோருக்கும் தெரிந்த பல்சர் என்எஸ் 200-ஐ எடுத்துக்கொள்வோம்: 199.5 சிசி, 72 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 49 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 24.5 பிஎஸ் பவர், லிக்விட் கூலிங். டியூக் 200, ஆர்15 என எது இருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது. விலைகள் எல்லாம் தோராயம்தான், கடைக்குக் கடை மாறும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்கு வேண்டியது பிக்கப்பா, டாப் ஸ்பீடா? இரண்டும் ஒன்றாகத்தான் பேசப்படுகின்றன, ஆனால் விலை ஒன்றல்ல. காற்றைக் கிழித்துப் போகத் தேவையான பவர், வேகத்தின் மூன்றாம் மடியாக ஏறும். டாப் ஸ்பீடு 10 சதவீதம் கூட 33 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். 20 சதவீதம் கூட 73 சதவீதம் வேண்டும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 24.5 பிஎஸ்ஸை இஞ்சினைப் பிரித்துப் பாடுபட்டு 28.5 ஆக்கினால், 136-ல் நின்ற வண்டி 143 வரை போகும். ஏழு கிலோமீட்டர், அதுவும் கியர் அமைப்பு ஒத்துழைத்தால். பிக்கப் அப்படியில்லை. பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை எவ்வளவு கூடுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு அப்படியே தெரியும். அதைக் கூட்ட மலிவான வழியும் இருக்கிறது.

அடுத்தது வெப்பம். கத்திரி வெயிலில் இந்தக் கரையோரத்தில் நிழலிலேயே 38, 40 டிகிரி. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது கூலன்ட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி என்றால், 20 டிகிரி ஊரில் அந்த வித்தியாசம் 75. இங்கே 57 தான். அதே ரேடியேட்டர் நம் ஊரில் கால் பங்கு வேலையை இழந்துவிடுகிறது. அதோடு சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜனும் குறைவு. 25 டிகிரியில் எடுத்த டைனோ (பவரை அளக்கும் கருவி) சீட்டில் உள்ள பவரில் ஐந்து சதவீதம் மே மாத ஈசிஆரில் காணாமல் போகும். வெளிநாட்டு வீடியோவில் "ஒன்றும் ஆகவில்லை" என்று காட்டும் கிட், இங்கே அதே போல நடக்கும் என்று நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, நிறுத்துவது. நல்ல டயர், நல்ல பிரேக், காய்ந்த சாலை, ஒரு நொடியில் சுதாரிக்கும் ஆள் என்றே வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறக்குறைய 83 மீட்டர் தேவை. 120-ல் 113 மீட்டர், 140-ல் 147 மீட்டர். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பழைய சாலையில் முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். குறுக்குச் சாலையிலிருந்து டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று திரும்பிப் பார்க்காமல் ஏறும் இடங்கள் அவை. 147 மீட்டர் காலி இடம் அங்கே எந்த நேரத்திலும் கிடையாது.

நான்காவது, காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் சிசி எழுதியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பு மீறினால் 190(2): 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. டிஎன்-31 என்றாலும் பிஒய்-01 என்றாலும் சட்டம் ஒன்றுதான். எல்லை தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பேச்சில் ஒன்றுமில்லை. இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். விபத்துக்குப் பின் சர்வேயர் வண்டியைப் பார்த்து, சொல்லாமல் செய்த மாற்றம் என்று எழுதினால் உங்கள் வண்டிக்கான கிளெய்ம் போய்விடலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் வசூலிக்கவும் கம்பெனி முயலலாம். அது லட்சங்களில் வரும்.

கடைசியாக, பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? கழற்றி வைத்த பாகத்தைத் திரும்ப மாட்டினால் வண்டி கம்பெனி நிலைக்கு வருமென்றால் தவறான முடிவுகூடக் கொஞ்சம் பணத்தோடு போகும். லேத்தில் ஏற்றிய சிலிண்டர் திரும்பி வராது.

## வழி 1: ஸ்பிராக்கெட், டயர், பிரேக், சஸ்பென்ஷன்

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் என்ன நடக்கும் என்று பலரும் யோசிப்பதே இல்லை. 14 பல்லை 13 ஆக்கினால் பின் சக்கரத்தில் இழுவை 7.7 சதவீதம் கூடும், எல்லா கியரிலும். இஞ்சினை யாரும் தொடவில்லை. செலவு சில நூறு ரூபாய். ரீமேப்பும் (பெட்ரோல் ஊற்றும் கணக்கை மாற்றி எழுதுவது) சைலன்சரும் சேர்ந்து கொடுக்கும் அளவுக்கு இது பக்கத்தில் வந்துவிடும்.

இதற்கும் விலை உண்டு. 100 கி.மீ. வேகத்தில் 7,000 ஆர்பிஎம்மில் ஓடிய இஞ்சின் இனி 7,540-ல் ஓடும். மைலேஜ் கொஞ்சம் இறங்கும், நீண்ட பயணத்தில் கை மரத்துப்போகும். சின்ன ஸ்பிராக்கெட்டில் செயின் அதிகமாக மடங்கும், சீக்கிரம் தேயும். ஸ்விங் ஆர்மில் செயின் உரசும் பிளாஸ்டிக் பட்டையை 2,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் வண்டியானால் மீட்டர் 7 சதவீதம் கூட்டிக் காட்டும். "டாப் ஏறிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்த மீட்டரைத்தான் பார்க்கிறார்கள்.

மிச்சப் பணத்தில் செய்ய வேண்டியது நிறுத்தும் வேலை. நல்ல சாஃப்ட் காம்பவுண்ட் டயர் ஜோடி ஏழிலிருந்து பத்தாயிரம். சின்டர்ட் பிரேக் பேட், ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் சேர்த்து நாலாயிரம் வரை. ஃபோர்க் ஆயில் மாற்றுவதும் ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கு ஏற்றபடி போடுவதும் மூன்று, நான்காயிரம். இதில் எல்லோரும் விட்டுவிடும் ஒன்று பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கடற்கரை ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வேகமாக ஓட்டுகிறவர் வருஷம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும், 300 ரூபாய் வேலை.

டயர் அகலத்தில் மட்டும் ஆசைப்படாதீர்கள். 130 போட வேண்டிய ரிம்மில் 150 ஏற்றினால் டயர் ஓரத்தில் கிள்ளப்பட்டு நடு தூக்கிக்கொள்ளும், வளைவில் சாய்க்கும்போது வண்டி சட்டென்று விழும். அகலத்தைவிட டயரின் பக்கவாட்டில் உள்ள வேக எழுத்தைப் பாருங்கள்: பி என்றால் 150, எஸ் என்றால் 180, எச் என்றால் 210 கி.மீ. வரை.

## வழி 2: சைலன்சர், ஃபில்டர், ரீமேப்

இது தான் அதிகம் விற்கும் பொருள். இருபத்தைந்திலிருந்து நாற்பதாயிரம் ஆகும், கிடைப்பது ஒழுங்காகச் செய்தால் நாலிலிருந்து எட்டு சதவீதம். 24.5 பிஎஸ்ஸில் ஒன்றோ இரண்டோ.

சைலன்சரை மட்டும் மாற்றினால் பல சமயம் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைகிறது, சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போலத் தோன்றுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் மாசுச் சான்றிதழ் எடுக்கும்போது புகைக் கணக்கு சிக்கும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் கலவையைச் சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தச் சென்சாரை இசியு (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) கேட்காது, தன் பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் ஊற்றும். காற்று மட்டும் கூடியிருப்பதால் கலவை வறண்டு சூடேறும். சைலன்சர் மாற்றிய பின் ரீமேப் செய்யாத வண்டி மெதுவாகச் சாவது இப்படித்தான்.

ரீமேப் செய்பவரிடம் "எத்தனை எச்பி ஏறும்" என்று கேட்பதை விட்டு, முழு லோடில் லாம்டா (காற்று–பெட்ரோல் கலவையின் அளவு, 1-க்குக் குறைந்தால் பெட்ரோல் அதிகம்) எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். 0.87 முதல் 0.90 வரை என்று பதில் வந்து, கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்த டைனோ சீட்டும் கையில் வந்தால் நம்பலாம். ஏர்-ஃபியூவல் விகிதத்தில் பேசினால் இப்போது குழப்பம் வரும், ஏனென்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.7 கிடையாது, 13.5 பக்கம். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு எழுதிய பழைய மேப்பை ஏற்றினால் வண்டி முழு லோடில் காய்ந்துபோய்த்தான் ஓடும். முள்ளோடைக்கு அந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று கடலூர்க்காரர்கள் அங்கே போய் நிரப்புவதில் தவறில்லை. எந்தப் பெட்ரோலில் மேப் செய்தார்களோ அதே ஆக்டேனில் ஓட்டுங்கள், அது போதும்.

ஃபில்டர் விஷயத்தில் எங்கள் கருத்து கறாரானது. ஏர்பாக்ஸை எடுத்துவிட்டு கூம்பு ஃபில்டர் போடுவது இந்த ஊரில் வேண்டாம். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் காற்றில் மணலும் உப்பும் பறக்கும். அந்த மணல் பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போல் தேய்க்கும். மழைக்காலம் அதைவிட மோசம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரமே முழங்கால் தண்ணீரில் நின்றது. அந்தத் தண்ணீரில் சக்கரம் கிளப்பும் அலை, தாழ்வான இடத்தில் திறந்து நிற்கும் ஃபில்டருக்குள் நேராகப் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி ஏர்பாக்ஸுக்குள்ளேயே பொருந்தும் பேனல் ஃபில்டர் போட்டால் பவர் வித்தியாசம் கையில் தெரியாத அளவுதான். தெரியாத பவருக்காக இஞ்சினைப் பணயம் வைப்பானேன்?

## வழி 3: பெரிய போர், கேம், கம்ப்ரஷன்

வழிகள் ஐந்திலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் இதில் உண்மையிலேயே பவர் வரும். வந்த பிறகுதான் பில் வரும்.

72 மி.மீ. போரை 76 ஆக்குவோம். 199.5 சிசி 222 ஆகிறது, 11 சதவீதம் கூடுதல். ஹெட்டில் கம்பஷன் சேம்பரைத் தொடவில்லை. கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 11 என்று இருந்தால் சேம்பர் 20 சிசி, இப்போது விகிதம் தானாகவே 12.1 ஆகிவிடுகிறது. 38 டிகிரி காற்றில் 12.1 கம்ப்ரஷன் என்றால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இஞ்சினை அடிப்பது) வாசலில் நிற்கிறது. இதைச் சமாளிக்கச் சிலர் சிலிண்டருக்குக் கீழே தடித்த கேஸ்கெட் போடுவார்கள். கம்ப்ரஷன் இறங்கும், ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் ஓரத்தில் இருக்க வேண்டிய 0.8 முதல் 1 மி.மீ. நெருக்கம் போய்விடும், கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். அந்த நெருக்கம்தான் கலவையை நடுவே தள்ளி நாக்கிங்கைத் தடுப்பது. ஒன்றைச் சரிசெய்யப் போய் அதையே கெடுத்துக்கொள்கிறோம். பிஸ்டன் தலையில் குழி உள்ளதாக வாங்குவதே சரியான வழி.

அடுத்த தடை லேத். பழைய புல்லட், ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கிறது. கடலூரிலோ புதுச்சேரியிலோ அனுபவமுள்ள ரீ-போர் பட்டறையில் கொடுத்தால் கச்சிதமாக வெட்டித் தருவார்கள். இன்றைய லிக்விட் கூலிங் வண்டிகள் பலவற்றின் சிலிண்டர் அலுமினியம், உள்சுவரில் மெல்லிய நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு. ஆர்15-இல் சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு, ஸ்லீவே கிடையாது. இவற்றைச் சாதாரணக் கருவியில் வெட்டினால் பூச்சு போய்விடும், போனால் மறுபடி பூச வேண்டும். இல்லை, குடைந்து இரும்பு ஸ்லீவ் இறக்க வேண்டும். ஸ்லீவ் இறக்கினால் சுற்றியுள்ள அலுமினியச் சுவர் மெலிகிறது. இரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவு விரியாததால் நடுவே நூலிழை இடைவெளி விழுந்து, கூலன்ட்டுக்குச் சூடு கடத்துவது கெடுகிறது. சிட்டியில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நாகப்பட்டினம் சாலையில் அரை மணி நேரம் முழு ஆக்சிலரேட்டரில் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வேலை எடுத்த கடை அளந்து எழுதித் தர வேண்டிய எண்கள் சில:

- பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி: வார்ப்புப் பிஸ்டனுக்கு 0.03–0.05 மி.மீ., 2618 ரகம் அலுமினிய ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்கு 0.06–0.10. ஃபோர்ஜ்டு அதிகம் விரியும், அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று கேட்கும், அது கோளாறில்லை.
- ரிங் முனை இடைவெளி: 76 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ. சுற்றி. குறைவாக வைத்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி பிஸ்டன் பள்ளம் உடையும்.
- வால்வுக்கும் பிஸ்டனுக்கும்: இன்டேக் பக்கம் 1 மி.மீ.க்குக் குறையாமல், எக்ஸாஸ்ட் பக்கம் 1.5-க்குக் குறையாமல். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மூடி, கையால் இரண்டு சுற்று சுற்றி, பதிந்த இடத்தை அளக்க வேண்டும். கேம் மாற்றியிருந்தால் இது கட்டாயம். "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் கடையில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பக்கமும் ஒரு சுவர் இருக்கிறது. 10,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 12 மில்லி செகண்ட்தான். இன்ஜெக்டர் அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, அதாவது 10 மில்லி செகண்ட் சொச்சம். கம்பெனி நிலையிலேயே எட்டு, ஒன்பதில் ஓடினால் 11 சதவீதம் கூடுதல் காற்றுக்கும் கேம் தரும் காற்றுக்கும் சேர்த்து ஊற்ற நேரம் கிடையாது. பெரிய இன்ஜெக்டர், அதற்கு மேப், அந்த மேப்புக்கு டைனோ என்று செலவு நீளும்.

ரெவ் லிமிட்டைக் கூட்டுவது இன்னொரு ஆசை. 10,500-ஐ 11,500 ஆக்கினால் ஆர்பிஎம் பத்து சதவீதம்கூட ஏறவில்லை. கனெக்டிங் ராடை இழுத்துப் பிய்க்கும் விசை 20 சதவீதம் ஏறுகிறது, ஏனென்றால் அது ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் போகிறது. பெரிய பிஸ்டன் கனமாகவும் இருந்தால் அதற்கு மேலும் ஏறும். சிங்கிள் சிலிண்டரின் பேலன்ஸ் ஷாஃப்ட் பழைய பிஸ்டன் எடைக்காக வடிவமைத்தது. எடை மாறினால் வரும் நடுக்கம் கைப்பிடியில் மட்டும் நிற்காது, ரேடியேட்டர் பிராக்கெட்டையும் எக்ஸாஸ்ட் ஸ்டட்டையும் உடைக்கும்.

கிளட்ச் ஸ்பிரிங், பிளேட், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குக் கீழே ஒழுங்காக முடிந்தால் அதிர்ஷ்டம். ஆயில் 2,500 கி.மீ.க்கு ஒருமுறை. பிளக்கை 1,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி, வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளியோ மினுங்கும் அலுமினியத் துகளோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துகள் இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான். ஆர்.சி.யில் இன்னும் 199.5 என்றே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 98 சிசி, 11 பிஎச்பி, 1996-இல் தயாரிப்பு நின்ற வண்டி. எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் மேல் ஆர்பிஎம்மில் பாயும், கீழே செத்துப்போகும். எத்தனால் பெட்ரோலில் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்காமல் பாய்ச்சினால் பிடித்துக்கொள்ளும். அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குச் சந்தையில் கிடைக்கும் விலை, போர்ட் வெட்டிய வண்டிக்குக் கிடைக்காது. நல்ல அசல் சிலிண்டரை வெட்டாதீர்கள், வெட்ட ஆசையென்றால் வேறொரு சிலிண்டர் வாங்கி வெட்டுங்கள்.

## வழி 4: டர்போ, நைட்ரஸ்

டர்போவை (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி இஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் விசிறி) சீக்கிரம் முடித்துவிடலாம். 200 சிசி சிங்கிளில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எக்ஸாஸ்ட் வருகிறது, டர்பைன் விட்டுவிட்டு உதை வாங்கிச் சுற்றும். 0.4 பார் பூஸ்டுக்கே கம்ப்ரஷனை ஒன்பதுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இன்டர்கூலருக்கு இடமில்லை. டர்போவுக்குத் தனி ஆயில் லைன், அது திரும்பிவர வழி, புதிய இசியு. செலவு வண்டி விலையைத் தாண்டும். யூடியூபுக்காகச் செய்பவர்களுக்கு வருமானம் வீடியோவில் வருகிறது, உங்களுக்கு எங்கிருந்து வரும்?

நைட்ரஸ் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியது, ஏனென்றால் "இஞ்சினைத் தொடாமல் பத்து எச்பி" என்று அதைச் சொல்லி விற்கிறார்கள். நைட்ரஸ் ஆக்சைடு எரியாது, எரிய ஆக்சிஜன் கொடுக்கும். எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். அதற்கு ஈடான பெட்ரோலும் அதே நொடியில் போக வேண்டும், போகாவிட்டால் பிஸ்டனில் ஓட்டை. நைட்ரஸ் நொடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் பாய்கிறது, இஞ்சின் வேகத்தைப் பார்ப்பதில்லை. 9,000 ஆர்பிஎம்மில் ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு 3,000-இல் கிடைக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் பட்டனை அழுத்தினால் ராடு வளைவது அதனால்தான். முழு ஆக்சிலரேட்டரும் குறிப்பிட்ட ஆர்பிஎம்மும் இருந்தால் மட்டும் திறக்கும் சுவிட்ச் இல்லாத கிட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

நம் ஊருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாகவே இருக்காது. அந்த வெப்பத்தில் உருளைக்குள் அழுத்தம் 72 பார், 1,050 பிஎஸ்ஐ. மே மாதம் மதியம் புதுச்சேரி பீச் ரோட்டில் வெயிலில் நிறுத்திய வண்டியில் சீட்டுக்கு அடியில் உள்ள உருளை அதை எளிதாகத் தாண்டும். அழுத்தம் எகிறும், திரவத்துக்கு அளந்து போட்ட ஜெட் வேறு அளவில் விடும், கலவைக் கணக்கு மொத்தமும் தப்பும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். பொதுச் சாலையில் இதற்கு இடமே இல்லை என்பது எங்கள் தீர்ப்பு. டிராக் பந்தயத்தில், நிழலில், அழுத்த மீட்டர் பார்த்துப் பயன்படுத்துபவர்கள் கதை வேறு.

## வழி 5: இதை விற்று, பெரிய வண்டி

பழைய டியூக் 390 ஒன்றைப் பாருங்கள். 373 சிசி, 43.5 பிஎஸ், 2017-க்குப் பிந்தையதில் 320 மி.மீ. முன் டிஸ்க், பின்னால் 150 அளவு ரேடியல் டயர், ஏபிஎஸ். உங்கள் 200-ஐ எவ்வளவு முறுக்கினாலும் எட்டாத பவர், அதற்கென்றே செய்த சேசிஸ், பிரேக், ரேடியேட்டரோடு வருகிறது. 24.5-லிருந்து 43.5 என்றால் 78 சதவீதம், காற்றின் மூன்றாம் மடிக் கணக்கில் டாப் ஸ்பீடு 20 சதவீதம் கூட அது தாராளமாகப் போதும். சட்டப்படியும் இதில் ஒரு குறையும் இல்லை. பழைய 200-ஐ விற்ற பணத்தோடு கையிலுள்ள லட்சம் பெரும்பாலும் போதும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் 350 சிசி வரை 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. பின் டயர் ஒன்றே எட்டாயிரத்தைத் தாண்டும், 200-இல் வந்த மைலேஜ் வராது. புதிதாக வாங்குவதானால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 40. அந்தக் கோட்டுக்கு மேலே போகும்போது விலையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

கடலூர்க்காரர் பிஒய் நம்பர் வண்டி வாங்குவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். விலை குறைவாகத் தெரியும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். படிவம் 28-இல் என்ஓசி, 29, 30-இல் பெயர் மாற்றம். அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். பழைய 390-இல் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஃபேன் இரண்டு முறை ஓடும் வரை நிற்க விடுங்கள். ஃபேன் ஓடாவிட்டாலோ கூலன்ட் டப்பாவில் குமிழி வந்தாலோ நடையைக் கட்டுங்கள், ஹெட் கேஸ்கெட் வேலை அது. ஏற்கெனவே சைலன்சரும் மேப்பும் மாற்றிய வண்டியானால் அசல் பாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவை இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | தோராயச் செலவு | கிடைப்பது | முதலில் கெடுவது | திரும்ப முடியுமா | சட்டம், இன்சூரன்ஸ் |
|---|---|---|---|---|---|
| ஸ்பிராக்கெட், டயர், பிரேக் | ₹12,000–20,000 | இழுவை 7–8%, நிறுத்தம் | செயின் | ஒரே நாளில் | அதே அளவு டயரானால் தொல்லை குறைவு |
| சைலன்சர், ரீமேப் | ₹25,000–40,000 | 1–2 பிஎஸ் | மேப் தவறினால் பிஸ்டன் | முடியும், அசல் பாகம் இருந்தால் | சத்தம், புகை அபராதம் |
| பெரிய போர், கேம் | ₹80,000-க்கு மேல் | 3–5 பிஎஸ் | ரிங், கேஸ்கெட், கிளட்ச் | புது சிலிண்டர் வாங்கினால் | ஆர்.சி.க்கு முரண் |
| டர்போ, நைட்ரஸ் | வண்டி விலை வரை | 10 பிஎஸ், சில நொடிகளுக்கு | ராடு, பிஸ்டன் | பெரும்பாலும் இல்லை | பொதுச் சாலைக்கு வழியில்லை |
| பெரிய வண்டி | ஒரு லட்சம் சுற்றி, பழையதை விற்றபின் | 19 பிஎஸ், பிரேக்கும் சேர்ந்து | உங்கள் மாதச் செலவு | விற்கலாம் | சிக்கல் இல்லை |

## யாருக்கு எது

தினம் கடலூர்–புதுச்சேரி வேலைக்குப் போய்வருகிறவர், பஸ்ஸை முந்த பிக்கப் போதவில்லை என்பவர்: முதல் வழி, அதிலும் முதலில் டயர், பிரேக், பிறகு ஸ்பிராக்கெட். இது செய்து மூன்று மாதம் ஓட்டியபின் இன்னும் போதவில்லையா, ஐந்தாம் வழி. நடுவில் உள்ள மூன்றையும் தாண்டிவிடுங்கள்.

வண்டி ஏற்கெனவே சைலன்சர் மாற்றி வந்திருக்கிறது, அசல் பாகம் கிடைக்கவில்லை என்பவருக்கு ரீமேப் செலவு தேவையான செலவு. சத்தம் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றாமல், கேட்டலிட்டிக் உள்ள பைப் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இஞ்சின் கட்டும் வேலையே பிடிக்கிறது, மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை உட்கார முடியும் என்பவருக்கு மூன்றாம் வழி நல்ல படிப்பு. தினம் ஓட்டும் வண்டியில் மட்டும் வேண்டாம். வார்ப்பிரும்பு ஸ்லீவ் உள்ள பழைய 150 ஒன்றை வாங்கிச் சாலையை விட்டு இறக்கி, டிரக்கில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டுபோங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தளம் 1990-லிருந்து அங்கே இருக்கிறது, 3.7 கி.மீ. சுற்று, எதிரே எக்ஸ்எல் வராது. போகும் முன் அங்கே கேட்பவை: ஆயில் டிரெயின் போல்ட்டுக்குக் கம்பிப் பூட்டு, கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர், முழு லெதர் சூட். முதல் ஐந்து சுற்று பாதி ஆக்சிலரேட்டரில் ஓட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். சுத்தமாக, வெளிர் பழுப்பாக இருந்தால் ஆறாவது சுற்றில் முறுக்கலாம்.